பழைய ஹோம் தியேட்டரில் ஸ்மார்ட் டிவி சத்தம்: இணைப்பது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல வீடுகளில் ஸ்மார்ட் டிவி சுவரில் தொங்கும்; ஆசையாக வாங்கிய பழைய ஹோம் தியேட்டர் பரணில் கிடக்கும். அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மெலிசான டிவிக்குள் பெரிய ஸ்பீக்கர் வைக்க இடமே இல்லை. தவிலும் பேஸும் அதில் எடுபடாது. யூடியூப், ஸ்பாட்டிஃபை, ஓடிடி படம் எல்லாவற்றையும் அந்தப் பழைய செட்டிலேயே கேட்கலாம்.

முதலில் இணையம்

ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். கேபிள்காரர் தரும் 30 எம்பிபிஎஸ் ஃபைபரே தாராளம். அப்படியும் படம் நின்று நின்று ஓடினால், மோடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கம் கருங்கல்லில் கட்டிய பழைய வீடுகள் உண்டு. அந்தச் சுவரைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வரத் திணறும். டிவியை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். லேன் கேபிள் இழுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

டிவியின் பின்பக்கம்

எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றில் 'ஏஆர்சி' என்று எழுதியிருக்கிறதா? டிவியின் சத்தத்தை அந்தக் கேபிள் வழியே செட்டுக்கு அனுப்பும் வசதி அது. செட்டிலும் அதேபோல் இருந்தால் ஒரே ஒரு எச்டிஎம்ஐ கேபிள் போதும். டிவி செட்டிங்கில், எச்டிஎம்ஐ கேபிளில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் சிஇசி-யை ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் ப்ளஸ், எல்ஜி-யில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஏஆர்சி வந்ததே 2009-இல், எச்டிஎம்ஐ 1.4 உடன். அதற்கு முந்தைய செட்டில் அது இருக்காது.

அப்படியானால் ஆப்டிகல் வழிதான், அதாவது சத்தத்தை ஒளியாக அனுப்பும் கேபிள். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் எவ்வளவு பழைய ஆம்ப்ளிஃபயரும் இதில் உயிர் பெற்றுவிடும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 'ஆப்டிகல் டு ஆர்சிஏ கன்வெர்ட்டர்' என்று கேளுங்கள். தீப்பெட்டி அளவு டப்பா ஒன்று தருவார்கள். டிவியின் டிஜிட்டல் சத்தத்தைப் பழைய செட்டுக்குப் புரியும்படி மாற்றித் தருவது அதுதான். கூடவே ஓர் ஆப்டிகல் கேபிளும், சிவப்பு வெள்ளை ஆர்சிஏ கேபிளும் வாங்கிக்கொள்ளுங்கள்.

செட்டை ஆஃப் செய்துவிட்டு ஆரம்பியுங்கள். ஆப்டிகல் கேபிளின் இரு முனையிலும் பொடி பிளாஸ்டிக் மூடி இருக்கும். கண்ணுக்கே தெரியாது, அதைக் கழற்றாமல் செருகினால் சத்தம் வராது. ஒரு முனையை டிவியின் ஆப்டிகல் துளையில் செருகியதும் மறு முனையில் சிவப்பு வெளிச்சம் தெரியும். தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த முனையைக் கன்வெர்ட்டரில் செருகுங்கள். கன்வெர்ட்டருக்குக் கரண்ட் யுஎஸ்பி வழியாக, டிவியிலிருந்தோ பழைய போன் சார்ஜரிலிருந்தோ. அப்புறம் ஆர்சிஏ: சிவப்பு வலது, வெள்ளை இடது. செட்டில் ஆக்ஸ் என்று எழுதிய இடத்தில் செருகுங்கள். 'ஃபோனோ' என்று இருக்கும் துளையில் வேண்டாம். அது இசைத்தட்டு பிளேயருக்கானது, சத்தம் கிழிந்து வரும்.

ஒரு செட்டிங், மறக்கவே கூடாது

டிவியில் சவுண்ட் அவுட்புட்டை ஆப்டிகலுக்கு மாற்றுங்கள். அதன் கீழேயே டிஜிட்டல் ஆடியோ ஃபார்மட் என்று ஒன்று இருக்கும். ஆட்டோ, டால்பி, பிசிஎம் என்ற தேர்வுகளில் பிசிஎம்-ஐ எடுங்கள். டால்பி என்பது சுருக்கி அனுப்பும் சத்தம், பிசிஎம் சுருக்காத சாதாரணச் சத்தம். சின்ன கன்வெர்ட்டர்கள் பலவற்றுக்கு டால்பியைப் பிரிக்கத் தெரியாது. யூடியூபில் பாட்டு வருகிறது, ஓடிடி படத்தில் மட்டும் சத்தமே இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இனி செட்டின் வால்யூமை அடியோடு குறைத்து ஆன் செய்து, மெல்ல ஏற்றுங்கள். ஆப்டிகலில் பெரும்பாலும் டிவி ரிமோட் வால்யூமை மாற்றாது, செட்டின் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் இருக்கும் பாட்டுக்குத் தனி ஒயர் வேண்டாம். போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருந்தால், யூடியூபில் காஸ்ட் குறியைத் தொட்டால் டிவி வழியாக செட்டில் பாடும். ஆகாசவாணி வேண்டுமென்றால் நியூஸ் ஆன் ஏர் செயலி இலவசம். போன் திரையை டிவிக்கு மிரர் செய்து கேளுங்கள்.

ப்ளூடூத்தில் இணைத்தால் ஆகாதா? பாட்டுக்கு ஆகும். படத்துக்கு, உதடு அசைந்த பிறகே பேச்சு கேட்கலாம். ஒயரிலும் அப்படி நேர்ந்தால் டிவியின் 'ஆடியோ டிலே' எண்ணை மெதுவாக மாற்றிப் பாருங்கள். செய்தி வாசிப்பவரின் வாயைப் பார்த்துக்கொண்டே சரி செய்வது சுலபம்.