களக்காடு முண்டந்துறைக்குச் செல்வோர் கவனத்திற்கு

1988-இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைக்குச் செல்ல விரும்புவோர், அம்பாசமுத்திரம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பாபநாசம் வழியாக மலையேறலாம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள் என்பதால், பிளாஸ்டிக் பைகளையும் மதுவையும் தவிர்த்துவிட்டு, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீரும் துணிப்பையில் உணவும் கொண்டு செல்வது நல்லது.

புலியைக் காண்பது மிக அரிது. அந்த எதிர்பார்ப்புடன் மட்டும் வந்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் அகத்தியர் அருவி, காரையாறு அணை, சொரிமுத்து அய்யனார் கோவில் ஆகியவற்றை ஒரே நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம். ஆடி அமாவாசையையொட்டிய நாட்களில் கோவிலில் பெருங்கூட்டம் கூடும் என்பதால், காட்டின் அமைதியை நாடுவோர் வேறு நாட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீர்வரத்து அதிகரித்தால் மணிமுத்தாறு அருவியில் குளிக்கத் தடை விதிக்கப்படும்; புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

குரங்குகளுக்கு முறுக்கோ பழமோ கொடுக்காதீர்கள். அதற்குப் பழகியவை, அடுத்து வரும் குழந்தையின் கையிலிருப்பதைப் பறிக்கின்றன. அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். பாபநாசத்தில் பரிகாரமென்று ஆற்றில் விடப்படும் வேட்டி சேலைகள், படித்துறைக் கற்களில் சுற்றிச் சேறேறிக் கிடப்பதைப் பார்க்கவே மனம் வலிக்கிறது. குளித்த ஈரத்துணியைப் பிழிந்து, தயவுசெய்து வீட்டுக்கே எடுத்துச் செல்லுங்கள்.