எஞ்சினோடு வயரையும் கேட்டு வாங்குங்கள்

போன வாரம் தெமட்டகொடையில் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரின் கராஜில் நின்றிருந்தேன். ஒரு தம்பி பட்டா லொறியில் எஞ்சின் கொண்டுவந்து இறக்கினான். பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கிய டொயோட்டா டர்போ எஞ்சின், 4ஈ-எஃப்டிஈ. வீட்டில் 1990ஆம் ஆண்டு டொயோட்டா ஸ்டார்லெட் (ஈபி82 மொடல்) நிற்கிறதாம், அதற்கு மாற்றிப் போடத்தான். தெரிவில் பிழை சொல்ல முடியாது. அவனுடைய வண்டியில் இருக்கும் டர்போ இல்லாத 4ஈ-எஃப்ஈயும் இதுவும் ஒரே குடும்பம், இரண்டுமே 1331 சீசீ. ஜப்பானில் அது 100 குதிரைவலு, இந்த டர்போ 135. பெரிய வெட்டுக்கொத்து இல்லாமல் உள்ளே உட்காரும்.

எஞ்சினைச் சுற்றிவந்து பின்பக்கம் பார்த்தேன். வயர் கட்டு முழுவதும் முருங்கைக்காய் நறுக்கினமாதிரி ஒரே வெட்டு. எனக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது.

எஞ்சின் மாற்றும்போது ஒயில் ஊற்ற மறப்பது, போல்ட்டை இறுக்காமல் விடுவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதெல்லாம் பாஸ் ஏசிச் சொல்லித்தருவார்.

வெட்டிய வயர்

"வயர்தானே அண்ணா, இணைச்சாச் சரி" என்றான் தம்பி. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன், இதே எஞ்சினுக்கு.

இந்த எஞ்சின்கள் ஹாஃப் கட்டில், அதாவது பாதியாக வெட்டிய வண்டியின் முன்பாதியில், வருகின்றன. எஞ்சினின் வயர் கட்டு, அதாவது ஹார்னஸ், உடல் தகட்டைத் தாண்டி டாஷ்போர்டுக்குள் இருக்கும் எஞ்சின் கொம்பியூட்டர் பெட்டி வரை போகிறது. அதை முழுதாக இழுத்தெடுக்க டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும். கடைப் பையனுக்கு அவ்வளவு பொறுமை எங்கே? கட்டரால் ஒரே வெட்டு, வேலை முடிந்தது. நான் வாங்கிய கடையில் அதற்காகக் கொஞ்சம் விலையும் குறைத்தார்கள். இலாபம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

நிறம் பார்த்து ஒவ்வொன்றாக முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினோம். எஞ்சின் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆனது. அதுதான் வினையே. ஸ்டார்ட் ஆகாமல் இருந்திருந்தால் அன்றைக்கே பிழையைத் தேடியிருப்போம்.

இரண்டு மாதம் கழித்து மழை தொடங்கியது. ஒரு பின்னேரம் வெள்ளவத்தையில் சவோய் தியேட்டருக்கு முன்னால் வண்டி அப்படியே நின்றுவிட்டது. பின்னால் 100ஆம் இலக்க பஸ் ஹோர்ன் அடித்துக் காதைக் கிழிக்கிறது. பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. பிறகு வாரத்துக்கு ஒருமுறை இதே கூத்து. டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றினேன். இன்ஜெக்டர் கழுவினேன். பெட்ரோல் பம்ப் மாற்றினேன். கடைசியில் கொம்பியூட்டரையும் மாற்றினேன். கூட்டிப் பார்த்தால் எஞ்சின் விலையைத் தாண்டிவிட்டது.

கொட்டாஞ்சேனையில் ஒரு வயதான வயரிங் பாஸ்தான் கண்டுபிடித்தார். டேப்பைப் பிரித்துக் காட்டினார், உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. கடற்கரையோரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உப்புக்காற்று டேப்புக்கு அடியில் நுழைந்துவிடும்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழற்சியைக் கவனிக்கும் பிக்அப் கொயிலும், எஞ்சின் தட்டுவதைக் கவனிக்கும் நொக் சென்சரும் அனுப்பும் சமிக்ஞை மிகச் சிறியது. ஸ்பார்க் வயர்களின் இரைச்சல் அதில் கலக்காமலிருக்க, அந்த வயர்களைச் சுற்றி மெல்லிய உலோகப் பின்னல் போட்டு, அதை எர்த்துக்குக் கொடுத்திருப்பார்கள். நாங்கள் நடுக்கம்பியை மட்டும் இணைத்துவிட்டுப் பின்னலைக் கத்தரித்து எறிந்திருந்தோம். கொம்பியூட்டருக்குப் போனது பாதி உண்மை, பாதி இரைச்சல். எஞ்சின் தட்டுகிறதா இல்லையா என்று சரியாகத் தெரியாமல் டர்போ எஞ்சினை ஓட்டினால் பிஸ்டன் எந்த நேரமும் போகலாம். என்னுடையது போகாதது அதிர்ஷ்டம்.

கடைசியில் வெட்டாத ஹார்னஸ் ஒன்றை இன்னொரு ஹாஃப் கட்டிலிருந்து தேடி வாங்கிப் போட்டேன். அன்றோடு தொல்லை முடிந்தது.

அதனால் காசு கொடுக்கும் முன் கடையில் கேளுங்கள்: எஞ்சின், கியர் பொக்ஸ், முழு ஹார்னஸ், கொம்பியூட்டர், நான்கும் ஒரே வண்டியினுடையதா? டாஷ்போர்டைக் கழற்றும் கூலியை நானே தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே வெட்டியாயிற்று என்றால் அடுத்த கடைக்கு நடங்கள். பஞ்சிகாவத்தையில் கடைக்கா பஞ்சம்?

பெட்ரோல்

கார்புரேட்டர் வண்டியில் டர்போ போடுகிறவர்கள் கவனிக்க. எஞ்சினில் இருக்கும் பழைய பம்ப் அரை பார் அழுத்தம்கூடத் தராது. இன்ஜெக்டருக்கு இரண்டரை பாருக்கு மேல் வேண்டும், மிச்சம் டாங்கிக்குத் திரும்ப வர ஒரு குழாயும் வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டியானாலும் பழைய பம்பை நம்பாதீர்கள். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறும் நேரத்தில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகும். 92 ஒக்டேன் போடாதீர்கள், 95 போடுங்கள்.

பொனட்

ஈபி82 டர்போவில், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிராக்கும் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே இருக்கிறது. அதற்குக் காற்று வரும் வழி பொனட்டில் இருக்கும் மூக்குத்தான். பொலிஸ் கண்ணில் படக்கூடாது என்று சாதாரண பொனட்டையே விட்டுவிடுகிறார்கள். பின்னேரம் கொழும்பின் நெரிசலான காலி வீதியில் ஊர்ந்துகொண்டு போகும்போது அந்த இன்டர்கூலர் காற்றைக் குளிராக்குவதற்குப் பதில் சூடாக்கிக் கொடுக்கும்.

பிரேக்

எஞ்சினில் கை வைக்கும் முன் பிரேக்கைக் கவனியுங்கள்.

பெல்ட்டும் சீல்களும்

எஞ்சின் வெளியே கிடக்கும்போதே மாற்றுங்கள். உள்ளே போனபின் கை நுழையாது.

புத்தகம்

வண்டியின் பதிவுப் புத்தகத்தைச் சொல்கிறேன். "சீசீ மாறவில்லையே, எதற்குப் பதிவு?" என்று கேட்கிறார்கள். எஞ்சின் இலக்கம் மாறிவிட்டதே! வாங்கும்போதே எஞ்சின் இலக்கம் எழுதிய பில்லைக் கேட்டு எடுத்துக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய் மாற்றிவிடுங்கள். நான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். வண்டியை வாங்க வந்தவர் பூஸ்டையும் கேட்கவில்லை, வயரையும் பார்க்கவில்லை. டோர்ச் லைட்டோடு பொனட்டுக்குள் குனிந்து இலக்கத்தைத்தான் தேடினார்.