கைதிக்கு முன்னால் சிறையை எழுதுங்கள்: அறிபுனைச் சிறையுடைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிபுனையில், அதாவது அறிவியல் புனைகதையில், சிறையுடைப்பு எழுதும்போது கைதியிடமிருந்து கதையைத் தொடங்குவதுதான் முதல் சறுக்கல். அவன் பெரிய மூளைக்காரன், மூன்றாவது பக்கத்திலேயே திட்டம் தயார், எங்கெல்லாம் ஓட்டை வேண்டுமோ அங்கெல்லாம் சிறை தானாக ஓட்டையாகிக் கொடுக்கிறது. செவ்வாயில் நடந்தாலும் சுற்றுப்பாதையில் நடந்தாலும் வாசகர் இதைச் சட்டென்று பிடித்துவிடுவார். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். கைதி வருவதற்கு முன்பே அந்த ஓட்டை அங்கே இருந்திருக்க வேண்டும், அதுவும் வேறு யாருடைய வசதிக்காகவோ.

ஆகவே முதலில் சிறையின் ஒரு நாளை எழுதிவிடுங்கள். 24 மணி நேர அட்டவணை ஒன்று போதும். பாரா எப்போது மாறுகிறது, தலை எண்ணுவது எத்தனை முறை, சாப்பாட்டு வண்டி எந்தக் கதவு வழியாக வருகிறது, அழுக்குத் துணி எங்கே போகிறது, காற்று வடிகட்டியை மாற்றுபவர் யார், அவர் இடுப்பில் தொங்குவது எந்தச் சாவி. அதன் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டு, உண்மையில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். விதிப்படி இரவுக் கணக்கெடுப்பில் ஆள் மூச்சுவிடுகிறானா என்று பார்க்க வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு நடப்பதோ கம்பிக்கு வெளியே நின்று ஒரு டார்ச் அடிப்பு, அவ்வளவுதான். இந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் உங்கள் கதை ஒளிந்திருக்கிறது.

1962 ஜூன் 11 இரவு அமெரிக்காவின் அல்கட்ராஸ் தீவுச் சிறையிலிருந்து மூன்று பேர் வெளியேறியது இந்த இடைவெளி வழியாகத்தான். சோப்பு, கழிப்பறைக் காகிதம் போன்றவற்றால் தலைகள் செய்து, முடிதிருத்தும் அறையில் சேர்த்த நிஜ முடியை ஒட்டிப் போர்வைக்கு வெளியே தெரிய வைத்துவிட்டுப் போனார்கள். காலையில்தான் விஷயம் தெரிந்தது. சுவரில் துளை போட்டது பாதி வேலை. மீதிப் பாதி, எண்ணிக்கை தவறாமல் பார்த்துக்கொண்டது. அறிபுனை எழுதுபவர்கள் துளைக்கு லேசர் கொடுத்துவிடுகிறார்கள், எண்ணிக்கையை மறந்துவிடுகிறார்கள்.

மூச்சும் ஒரு தலைக்கணக்கு

பூமியில் சிறைக்காவலர் தலையை எண்ணுகிறார். விண்வெளியிலோ செவ்வாயிலோ உள்ள மூடிய வாழிடத்தில் இயந்திரம் மூச்சை எண்ணுகிறது. ஒரு மனிதன் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.84 கிலோ ஆக்சிஜனை இழுத்து, ஒரு கிலோ அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடை விடுகிறான். சும்மா உட்கார்ந்திருந்தாலே 100 வாட் பல்பு போல வெப்பம் தருகிறான். ஆளைக் கண்காணிக்க வேண்டும் என்று யாரும் நினைக்காவிட்டாலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஏனென்றால் காற்றைச் சுத்தம் செய்ய அது தேவை. இதை விட்டுவிட்டுக் கேமராவை மட்டும் ஏமாற்றும் கதை பாதிக் கதை.

எத்தனை பேருக்கு ஒரு காற்றுச் சுற்று என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். 200 பேருக்குப் பொதுவான சுற்றில் ஒருவர் குறைந்தால் மாற்றம் அரை சதவீதம். நாலு பேர் கூடுதலாக உடற்பயிற்சி செய்தாலே அதைவிட அதிகம் ஏறி இறங்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். நான்கு பேர் அடைபட்ட தனித் தொகுதியில் ஒருவர் காணாமல் போனால் கால் பங்கு சரியும், அலாரம் அடிக்கும். அங்கே படுக்கையில் வைக்கும் பொம்மையும் மூச்சுவிட்டாக வேண்டும்.

அது முடியாத காரியம் அல்ல, கணக்குப் போட்டால் போதும். தூங்கும் மனிதன் மணிக்கு 30 கிராம் கார்பன் டை ஆக்சைடு விடுகிறான் என்று வைத்துக்கொண்டால் எட்டு மணி நேரத்துக்கு 240 கிராம். 84 கிராம் சமையல் சோடா அமிலத்தோடு சேர்ந்தால் 44 கிராம் வாயு வரும். ஆக 460 கிராம் சோடாவும் 350 கிராம் சிட்ரிக் அமிலமும் வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வாயு ஒரேயடியாகப் பொங்கி, மீட்டரில் ஊசிபோல ஒரு உச்சம் தெரியும். சொட்டுச் சொட்டாக விழ ஏற்பாடு வேண்டும். ஒரு பை, ஒரு மெல்லிய குழாய், குழாயை நெரிக்க ஒரு கிளிப். இப்போது கதைக்கு உண்மையான கேள்விகள் கிடைத்துவிட்டன: சமையல் பிரிவிலிருந்து அரைக் கிலோ சோடா எத்தனை வாரத்தில் கசியும்? மருத்துவ அறையில் குழாய் குறைந்ததை யார் கவனிப்பார்? ஒரு ஹேக்கர் மூன்று விசை தட்டி சென்சாரை அணைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மின்சாரம் போனால் கதவு திறக்காது

விளக்கு அணைகிறது, கதவுகளெல்லாம் திறந்துகொள்கின்றன. இது வாசகர் காதில் பூச்சுற்றும் வேலை. பூட்டுகளில் இரண்டு வகை உண்டு. மின்சாரம் போனதும் விடுபடும் பூட்டை, தீப்பிடித்தால் மக்கள் வெளியேற வேண்டிய கட்டடங்களில் வைப்பார்கள். மின்சாரம் போனாலும் பூட்டியபடியே நிற்கும் பூட்டை, ஆளை வெளியே விடக்கூடாத இடத்தில் வைப்பார்கள். சிறையில் இருப்பது இரண்டாவது வகை. அதோடு மாற்று மின்சாரமும் கையால் திருப்பும் சாவியும் இருக்கும். முக்கிய வாசலில் இரண்டு கதவுகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று பூட்டினால்தான் மற்றொன்று திறக்கும், திறக்கும் பொத்தான் இரண்டுக்கும் வெளியே கண்ட்ரோல் ரூமில். காவலரைப் பணயமாகப் பிடித்து அந்த இரண்டு கதவுக்கு நடுவே போய் நின்றால், கைதிக்குக் கிடைப்பது இன்னும் சின்ன சிறை.

காவலர்களை முட்டாள்களாக்குவதும் இதே ரகத்துச் சோம்பல். காவலர் களைத்திருக்கலாம், கடன்பட்டிருக்கலாம், கைதிமேல் பிரியம் வைத்திருக்கலாம். 2015 ஜூனில் நியூயார்க் மாநிலத்தின் கிளின்டன் சிறையிலிருந்து இருவர் வெளியேற உதவிய ரம்பத் தகடுகள், உறைந்த இறைச்சிக்குள் ஒளித்து உள்ளே வந்தவை. கொடுத்து அனுப்பியவர் அங்கே வேலை பார்த்தவர். 1979 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா சிறையிலிருந்து மூவர் வெளியேறியது மரத்தில் செதுக்கிய சாவிகளால். காவலர்களின் சாவிகளைக் கண்ணால் பார்த்தே அளவெடுத்து, அச்சிறையின் தச்சுப்பட்டறையிலேயே செய்தவை. எதிர்காலச் சிறையிலும் பட்டறை இருக்கும், பழுது பார்க்கக் கைதிகளையே இறக்குவார்கள், ஏனென்றால் கூலி குறைவு.

வெற்றிடம் என்ற காவலர்

ஒரு சதுர மீட்டர் கதவின் ஒரு பக்கம் பூமிக் காற்றழுத்தம், மறுபக்கம் வெற்றிடம் என்றால் அதன்மேல் அழுந்துவது ஏறத்தாழ 10 டன். வித்தியாசம் நூறில் ஒரு பங்காகக் குறைந்தாலும் 100 கிலோ இருக்கும். காற்றுப் பக்கமாகத் திறக்கும் கதவை எந்த வீரனாலும் இழுக்க முடியாது. முதலில் வால்வைத் திறந்து அழுத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், சீறல் சத்தம் வரும், கண்ட்ரோல் ரூமில் முள் நகரும். இந்த மூன்றையும் ஒரே காட்சியில் பயன்படுத்தலாம், பெரும்பாலோர் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை.

உடை இல்லாமல் வெளியே விழுந்தவன் வெடிக்க மாட்டான், உடனே உறையவும் மாட்டான். 10 முதல் 15 விநாடி வரை நினைவிருக்கும். 1966இல் நாசாவின் வெற்றிட அறைச் சோதனையில் உடையின் குழாய் கழன்றுபோன ஒருவர் 14 விநாடிபோல் தாக்குப்பிடித்து மயங்கினார். நாக்கில் எச்சில் கொதித்தது அவருக்கு நினைவிருந்தது. அழுத்தம் திரும்பியதும் பிழைத்துக்கொண்டார். உங்கள் நாயகன் ஓர் ஏர்லாக்கிலிருந்து (உள்ளறைக்கும் வெற்றிடத்துக்கும் நடுவே உள்ள இரட்டைக் கதவு அறை) பக்கத்து ஏர்லாக்குக்குத் தாவலாம், ஆனால் மூச்சை அடக்கக்கூடாது. அடக்கினால் நுரையீரல் கிழியும்.

சரி, உடை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இன்றைய விண்நடை உடைகளில் இருப்பது தூய ஆக்சிஜன், அழுத்தம் சாதாரணக் காற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதற்குமேல் ஏற்றினால் உடை விறைத்துக் கை மடங்காது. சாதாரணக் காற்றில் இருந்தவன் நேராக அதற்குள் புகுந்தால் இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாக வெளிவரும். மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம் வரை போகலாம். அதனால் முன்கூட்டியே தூய ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்றுகிறார்கள், அதற்கு மணிக்கணக்காகும். "ஹெல்மெட்டை மாட்டினான், குதித்தான்" என்பது இந்த மணிகளை விழுங்கிவிடும் வாக்கியம். தப்ப வழியும் உண்டு: சிறையையே குறைந்த அழுத்தத்தில், கூடுதல் ஆக்சிஜன் விகிதத்தில் வைத்திருப்பதாக அமைக்கலாம். பராமரிப்பு ஆட்கள் அடிக்கடி வெளியே போவதால் செலவு மிச்சம் என்று நிர்வாகம் முடிவெடுத்திருக்கும். ஆனால் அந்தக் காற்றில் தீ வேகமாகப் பரவும். தீ பயத்தால் ஏதாவது ஒரு பிரிவில், முன்பு சொன்ன முதல் வகைப் பூட்டை வைத்தாக வேண்டிய கட்டாயம் வரும். ஓட்டை இப்படித்தான் பிறக்க வேண்டும், நிர்வாகத்தின் சிக்கனத்திலிருந்து.

சுரங்கம் தோண்டினால் மண் எங்கே?

60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம், 100 மீட்டர் நீளம் என்றால் 36 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.6 டன் என்று கொண்டால் 57 டன்னுக்கு மேல். காற்சட்டைக்குள் பை கட்டி நடைக்கு மூன்று கிலோ கொண்டுபோனால் 19,000 நடைக்கு மேல் ஆகும். நிலாவில் எடை ஆறில் ஒரு பங்காகக் குறையும், கன அளவு குறையாது. தோண்டிய மண் உப்பிக்கொள்வதால் இன்னும் கூடும். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி நடத்திய ஷ்டாலாக் லுஃப்ட் 3 போர்க்கைதி முகாமில் கீழ்மண் மஞ்சள், மேல்மண் சாம்பல் நிறம். ஆகவே ஒரு கைப்பிடி சிந்தினாலும் ஆபத்து. மண் சரியாமல் முட்டுக்கொடுக்கக் கட்டில் பலகைகளை உருவினார்கள். அந்தக் கணக்கும் உங்கள் கதையில் வர வேண்டும்: ஒருவன் கட்டிலில் எத்தனை பலகை போனால் படுத்தவன் கீழே விழுவான்?

காற்றுக்குழாய் வழியாகத் தவழ்ந்து போவதைப் பற்றி ஒரே வார்த்தை: விட்டுவிடுங்கள். ஆள் நுழையும் அளவுக் குழாயைச் சிறையில் வைக்க மாட்டார்கள், வைத்தாலும் குறுக்கே கம்பி இருக்கும்.

கப்பலைக் கழற்றினால் கீழே விழாது

பூமிக்கு 400 கி.மீ. மேலே இருக்கும் நிலையம் விநாடிக்கு ஏறத்தாழ 7.7 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அதிலிருந்து கழன்ற கலமும் அதே வேகத்தில் பக்கத்திலேயே மிதக்கும். இறங்க வேண்டுமானால் விநாடிக்கு 100 மீட்டர்போல் வேகம் குறைக்க எஞ்சினை எதிர்த்திசையில் எரிக்க வேண்டும், அதுவும் எங்கே இறங்குவது என்று கணக்கிட்ட நிமிடத்தில். தவறினால் அடுத்த வாய்ப்புக்குக் குறைந்தது இன்னொரு சுற்று, ஏறத்தாழ 90 நிமிடம். அதுவரை காவலர்கள் ஜன்னல் வழியாகக் கையாட்டிக்கொண்டிருக்கலாம். ஒளிந்துகொள்ளவும் முடியாது. மனிதன் வாழும் வெப்பத்தில் உள்ள எந்தக் கலமும் குளிர்ந்த வானத்தின் பின்னணியில் அகச்சிவப்பில் பளிச்சென்று தெரியும்.

தொலைவு கைதிக்குச் சாதகமாகும் ஓரிடமும் உண்டு. பூமிக்கும் செவ்வாய்க்கும் சமிக்ஞை போக மூன்று முதல் 22 நிமிடம் ஆகும். பூமியிலிருந்து உத்தரவு கேட்டே நடக்க வேண்டும் என்ற விதி சிறையில் இருந்தால், கேள்வி போய் பதில் வரும்வரை முக்கால் மணி நேரம்கூடக் கிடைக்கலாம்.

சொன்ன திட்டம் அப்படியே நடப்பது

திட்டத்தை வாசகருக்கு முழுதாக விளக்கிவிட்டால் அது கெட வேண்டும். நடக்கப்போகிறது என்றால் முன்பே விளக்காதீர்கள். கெடுவதும் ஏற்கெனவே காட்டிய ஒரு பொருளால் கெட வேண்டும். ஷ்டாலாக் லுஃப்ட் 3இல் நூறு மீட்டருக்கு மேல் தோண்டிய சுரங்கம், மரங்களை எட்டாமல் திறந்த வெளியில் வாய் திறந்தது. கயிற்றை இழுத்து சைகை கொடுத்து ஒவ்வொருவராக ஏற வேண்டியதாயிற்று. அல்கட்ராஸில் நான்காவது ஆள் தன் அறையின் காற்றுத் துளையை நேரத்துக்குள் திறக்க முடியாமல் தங்கிவிட்டார். கிளின்டன் சிறைக்கு வெளியே காத்திருக்க வேண்டிய வண்டி வரவே இல்லை.

சுவரைத் தாண்டியதும் "முற்றும்" போடுவது கடைசித் தவறு. 1944 மார்ச்சில் ஷ்டாலாக் லுஃப்ட் 3 சுரங்கம் வழியாக 76 பேர் வெளியேறினார்கள். 73 பேர் பிடிபட்டார்கள், அவர்களில் 50 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூன்று பேர் தப்பினார்கள். செவ்வாயில் வெளியே வந்தவனுக்குப் பூமிக்குத் திரும்பும் வசதியான பாதை 26 மாதத்துக்கு ஒருமுறைதான் அமையும். அதுவரை அவன் வேறொரு மூடிய வாழிடத்தில் வாழ வேண்டும், அங்கேயும் மூச்சுக்குக் கணக்கு உண்டு, இம்முறை ஒன்று கூடுதலாக. அடைக்கலம் கொடுத்த வீட்டில் வடிகட்டி வழக்கத்தைவிடச் சில நாள் முன்னதாகவே நிறைந்துவிடும். அதை மாற்ற வருபவர் கேட்கப்போகும் கேள்விக்கு அந்த வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.