கஞ்சி வடிக்கும்போது கையில் கொட்டிவிட்டால்

காவிரிப் படுகை வீடுகளில் சோற்றைப் பானையில் பொங்கி வடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பிடிதுணி நழுவினாலோ வடிதட்டு விலகினாலோ கொதிக்கும் கஞ்சி புறங்கையிலும் விரலிடுக்கிலும் வழிந்துவிடும். வெந்நீரைவிடக் கஞ்சி மோசமாகச் சுடும். மாவுச்சத்து இருப்பதால் வழிந்தோடாமல் தோலில் ஒட்டிக்கொண்டு, சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். அதிரசத்துக்குக் காய்ச்சும் வெல்லப்பாகும் அப்படித்தான். அதன் சூடு 100 டிகிரியையும் தாண்டும்.

முதல் வேலை தண்ணீர். அடுப்பை அணைத்ததும் கையை ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் அடங்கியதுபோல் இருக்கும், உடனே கையை எடுத்துவிடத் தோன்றும். எடுக்கக் கூடாது. மேலே ஆறியிருந்தாலும் உள்தோலில் சூடு இருக்கும், அது திசுவை வேகவைத்துக்கொண்டே போகும். எந்த மருந்தும் இந்த 20 நிமிடத்துக்கு ஈடாகாது. உடனே செய்ய முடியாமல் போயிருந்தாலும், சுட்டு 3 மணி நேரத்துக்குள் என்றால் இப்போது செய்தாலும் பலன் உண்டு.

சித்திரை, வைகாசி மதியத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே கொதிக்கும். முதலில் நல்ல கையில் விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அடிபம்புத் தண்ணீரோ குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரோ நல்லது, சொம்பால் மொண்டு விடாமல் ஊற்றுங்கள். குளத்துத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் வேண்டாம். ஐஸ் கட்டியும் கூடாது. ரத்தக் குழாய்கள் சுருங்கி, பிழைக்க வேண்டிய தோலும் செத்துப்போகும். குழந்தையாக இருந்தால் கையை மட்டும் நனையுங்கள், உடம்பைத் துணியால் போர்த்துங்கள்.

தண்ணீர் ஓடும்போதே மோதிரம், வளையல், கயிறு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சிறிது நேரத்தில் கை வீங்கும். வீங்கிய விரலை மோதிரம் இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைப்படும். சோப்புத் தண்ணீர் விட்டும் வரவில்லையென்றால் மருத்துவமனையில் மோதிரத்தை வெட்டி எடுப்பார்கள். துணி தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், சுற்றிலும் கத்தரித்துவிட்டு அப்படியே விடுங்கள்.

பற்பசை, மஞ்சள், நெய், இட்லி மாவு, பேனா மை, எதையும் அப்பாதீர்கள். இவை சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும், கிருமியைக் கொண்டுவரும். மருத்துவர் புண்ணின் ஆழத்தைப் பார்க்கவும் அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், அந்த வலி சுட்ட வலியைவிடக் கொடியது. கொல்லையில் அறுத்த வாழை இலையையும் வைக்க வேண்டாம். தீப்புண்ணுக்கு வாழை இலைக் கட்டு போடும் மருத்துவமனைகள் அதை நீராவியில் கிருமி நீக்கிய பிறகே பயன்படுத்துகின்றன.

இனி புண்ணைப் பாருங்கள். வெறும் சிவப்பும் எரிச்சலும் என்றால் ஒரு வாரத்தில் ஆறும். சின்னக் கொப்புளம், ஈரமாக இளஞ்சிவப்பு, தொட்டால் கடும் வலி என்றால் இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். வெள்ளையாகவோ கருகியோ செருப்புத் தோல்போல் விறைத்து வலியே இல்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள், நரம்பும் வெந்துவிட்டது என்று பொருள். அதை வீட்டில் பார்க்கவே கூடாது.

கொப்புளத்தை உடைக்காதீர்கள், அதைவிட நல்ல கட்டு கிடையாது. தானே உடைந்தால் சாதா சோப்பும் தண்ணீரும் கொண்டு மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, மெல்லிய படலமாக வாஸ்லின் தடவி, மருந்துக் கடையில் கிடைக்கும் பாரஃபின் காஸ் (புண்ணில் ஒட்டாதபடி மெழுகுப் பசை தோய்த்த வலைத்துணி) வைத்து, மேலே உலர்ந்த காஸால் தளர்வாகச் சுற்றுங்கள். பஞ்சை நேரடியாக வைத்தால் இழை புண்ணில் ஒட்டும். விரல்களைத் தனித்தனியாகச் சுற்ற வேண்டும், சேர்த்துக் கட்டினால் இரண்டு புண்ணும் ஒட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒட்டியிருந்தால் கொதித்து ஆறிய தண்ணீர் விட்டு ஊறவையுங்கள்.

வலிக்குப் பெரியவர்கள் பாரசிட்டமால் 500 மி.கி. மாத்திரை ஒன்றோ, 50 கிலோவுக்கு மேல் இருந்தால் இரண்டோ போடலாம், 6 மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் மொத்தம் 8-ஐத் தாண்டாமல். சளி மாத்திரைகளிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள், வீக்கமும் துடிப்பும் குறையும். ஆனால் விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டுங்கள், இல்லாவிட்டால் மூட்டு இறுகும்.

கொப்புளம் மூட்டின் மேலோ உள்ளங்கையிலோ இருந்தாலும், புண் காயம்பட்டவரின் உள்ளங்கை அளவைத் தாண்டினாலும், விரலைச் சுற்றி வளைத்திருந்தாலும், சர்க்கரை நோயாளி, கைக்குழந்தை, முதியவர், கர்ப்பிணி என்றாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழைக்கலாம். போகும் வழியில் சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கையுறைபோல் மாட்டினால் போதும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று சொல்லுங்கள். இரண்டு, மூன்று நாளில் வலி குறைவதற்குப் பதில் கூடினாலும், சீழோ நாற்றமோ காய்ச்சலோ வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

தோல் மூடும்வரை நடவுக்கும் களையெடுப்புக்கும் இறங்க வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி திறந்த புண் வழியே நுழையும். ஆறிய தோல் அரிக்கும். அப்போது தேங்காய் எண்ணெய் தடவலாம். புதுத் தோல் வெயிலில் கறுத்துவிடும் என்பதால் சில மாதங்களுக்கு வெளியே போகும்போது கையைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.