குடிநீர், கழிவுநீர்ப் பணியாளர்களுக்கு: முதல் இணையவழிப் பாடத்தை முடிப்பது எப்படி?

ஊராட்சியில் தொட்டி இயக்குபவராக இருக்கலாம், பேரூராட்சியில் இளநிலைப் பொறியாளராக இருக்கலாம், டிப்ளமோ முடித்து இந்தத் துறைக்குள் வர நினைப்பவராகவும் இருக்கலாம். கைப்பேசியும் ஒரு நோட்டும் இருந்தால் இன்றே தொடங்கலாம்.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

இப்போதைக்கு எந்தத் தளத்தையும் திறக்காதீர்கள். வேலையில் பதில் தெரியாமல் நிற்கிற கேள்வி ஒன்றை நோட்டில் எழுதுங்கள். "தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டும் கடைசித் தெருக் குழாயில் குளோரின் ஏன் காட்டவில்லை?" "செப்டிக் டேங்க் லாரி கொண்டுவரும் கசடை எப்படிச் சுத்திகரிப்பது?" இப்படித் திட்டமாக இருக்க வேண்டும். தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்ளலாம் என்று நான் ஒரே நாளில் மூன்று பாடங்களில் சேர்ந்தேன். மூன்றும் பாதியில் நின்றன. ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு சேர்ந்த நான்காவது பாடத்தைத்தான் முடித்தேன்.

படி 2: அந்தக் கேள்விக்கான ஒரே ஒரு பாடம்

சுவிட்சர்லாந்தின் எயாவாக் நீர் ஆய்வு நிறுவனமும் லோசான் நகரின் இ.பி.எஃப்.எல். பல்கலைக்கழகமும் சேர்ந்து கோர்சேரா என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நான்கு பாடங்கள் நடத்துகின்றன: வீட்டளவில் குடிநீர்ச் சுத்திகரிப்பு, கழிவுநீர் அமைப்புகளைத் திட்டமிடுதல், மலக்கசடு மேலாண்மை, நகரத் திடக்கழிவு. பாதாளச் சாக்கடை எல்லா வீட்டுக்கும் வராத ஊர்களை மனத்தில் வைத்துச் செய்தவை என்பதால், புதியவர்களுக்கு இவற்றையே முதலில் சொல்வேன். நம் நாட்டு ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் விரிவுரை வேண்டுமானால் என்பிடெல், ஸ்வயம் தளங்களில் தேடுங்கள். அங்கே படிப்பு இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்.

படி 3: பதிவு

மின்னஞ்சல் முகவரி போதும். பெயரை மட்டும் ஆதாரில் உள்ளபடியே கொடுங்கள். சான்றிதழில் அதுதான் வரும்.

படி 4: ஆங்கிலத்தைக் கண்டு நிற்காதீர்கள்

பாடக் காணொலியில் வசன எழுத்தை (சப்டைட்டில்) போடுங்கள், வேகத்தை முக்கால் பங்காகக் குறையுங்கள். நோட்டின் கடைசிப் பக்கங்களில் உங்களுக்கென்று ஓர் அகராதி வளரட்டும்: ஃபீக்கல் ஸ்லட்ஜ் என்றால் மலக்கசடு, ரெசிடுவல் குளோரின் என்றால் எஞ்சிய குளோரின். திரும்பத் திரும்ப வருவது ஐம்பது, அறுபது சொற்கள்தான். பல வருடமாகக் கையால் செய்துவரும் வேலைக்கு வேறொரு பெயர், அவ்வளவே.

படி 5: பாடத்தைத் தொட்டிக்குக் கொண்டுபோங்கள்

இந்தப் படியைத் தவிர்த்தால் மற்ற நான்கும் வீண். குளோரின் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நம் ஊர்களில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். புதிய பவுடரில் குளோரின் ஏறக்குறைய 33 சதவீதம் இருக்கும். அப்படியானால் தொட்டிக்குள் போவது 40 கிராம், லிட்டருக்கு 1.3 மில்லிகிராம். மூட்டை வாய் திறந்தபடி மோட்டார் அறையில் ஈரத்தில் கிடந்து 20 சதவீதமாக இறங்கிவிட்டது என்று வையுங்கள். அதே 120 கிராமில் இப்போது 24 கிராம்தான் குளோரின், லிட்டருக்கு 0.8. தண்ணீரில் உள்ள இரும்பும் அழுக்கும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 கேட்பதோ, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்று.

பவுடரை அப்படியே கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத் தொட்டியிலிருந்து வெளியேறும் நீரைக் குளோரோஸ்கோப்பில் (குளோரின் அளவை மஞ்சள் நிறத்தால் காட்டும் சோதனைக் கருவி) சோதியுங்கள். மஞ்சள் நிறம் அங்கேயே வெளுத்திருந்தால் பவுடர் வீரியம் இழந்திருக்கலாம், அல்லது தண்ணீரே குளோரினை அதிகம் தின்கிறது. அங்கே நன்றாகக் காட்டிக் கடைசித் தெருவில் காட்டாவிட்டால் குழாயைப் பாருங்கள்: எங்கேயோ உடைப்பில் சாக்கடை கலக்கிறது, அல்லது நீர் தேங்கி நிற்கிறது. அந்த இடத்தில் பவுடரைக் கூட்டிப் போட்டுச் சமாளிப்பது தவறு. உடைப்பு அப்படியே இருக்கும், அந்தத் தண்ணீரைக் குழந்தைகள் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

தேதி, மூட்டை பிரித்த நாள், தொட்டியில் கிடைத்த அளவு, கடைசிக் குழாயில் கிடைத்த அளவு என நான்கு பத்தி போட்டு ஒரு வாரம் எழுதுங்கள். பிறகு பாடத்தின் வினாக்களுக்கு உட்காருங்கள். முதல் நாள் எழுதிய கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்த ஏழு வரிகளுக்குள் கிடைத்திருக்கும்; கிடைக்காவிட்டால், உடைப்பைத் தேட எந்தத் தெருவில் தோண்ட வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.