தோல்வழி மருந்துக்கான திரவப் படிகக் கூழ்: மோனோஒலியினைக் கொண்டு தயாரித்துச் சோதிக்கும் முறை

தோலின் இறந்த செல்களால் ஆன புறப்படலம் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமனே உடையது என்றாலும், அச்செல்களுக்கிடையே செராமைடும் கொலஸ்டிராலும் கொழுப்பு அமிலங்களும் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதால், பெரும்பாலான மருந்துகளை அது உள்ளே விடுவதில்லை. மோனோஒலியின் என்னும் கொழுப்புப் பொருள் நீரைச் சேர்த்தவுடன் தானே ஒழுங்கமைந்து திரவப் படிகமாவதோடு (திரவம்போல் நெகிழ்ந்தாலும் படிகம்போல் ஒழுங்குள்ள நிலை), அந்த அடுக்குகளையும் சற்று நெகிழச் செய்கிறது. உணர்வை மரக்கச் செய்யும் லிடோகெயினை மருந்தாகக் கொண்டு செய்முறையைக் காண்போம்.

6.5 கிராம் மோனோஒலியினை மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் 45 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்கி, லிடோகெயினை அதில் முழுவதும் கரைத்தபின், அதே வெப்பநிலையில் உள்ள 3.5 கிராம் காய்ச்சி வடித்த நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்க வேண்டும். பின்னர் குப்பியை இறுக மூடி, அறை வெப்பநிலையில் இருட்டில் குறைந்தது 2 நாட்கள் வைக்க வேண்டும். கூழின் உள்ளமைப்பு நிலைபெற இந்த நேரம் தேவை; இங்கே அவசரப்பட்டால் அடுத்த சோதனைகள் அனைத்தும் பிழையாகும்.

மருந்தில்லாத கூழ் இந்த விகிதத்தில், கொழுப்புப் படலம் முப்பரிமாண வலைபோல் பின்னிய கனசதுர அமைப்பை அடையும்: கண்ணாடிபோல் தெளிந்து, குப்பியைக் கவிழ்த்தாலும் வழியாமல் நிற்கும். முனைவாக்கிய ஒளி (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) நுண்ணோக்கியில் அது முழு இருட்டாகவே தெரியும். சாதாரணத் திரவமும் அப்படித்தான் தெரியும் என்பதால், உள்ளே சிக்கிய காற்றுக் குமிழியைப் பாருங்கள். கனசதுரக் கூழில் அது உருண்டையாக இல்லாமல் கோணலாக இருக்கும். கொழுப்பு தட்டையான படலங்களாக அடுக்கப்பட்ட அடுக்கு அமைப்பு சிலுவை வடிவ ஒளியையும், நீண்ட குழல்களாக அணிவகுத்த அறுகோண அமைப்பு விசிறி போன்ற கோலத்தையும் காட்டும்.

இந்தச் சோதனையை மருந்து சேர்த்த கூழிலும் கட்டாயம் செய்ய வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். லிடோகெயின் ஹைட்ரோகுளோரைடு உப்பு அளவு கூடும்போது கூழை அடுக்கு அமைப்பை நோக்கித் தள்ளுகிறது. உப்பாக்கப்படாத லிடோகெயினோ மோனோஒலியின் மூலக்கூறுகளின் கொழுப்பு வால்களுக்கிடையே புகுந்து எதிர்த்திசையில், தலைகீழ் அறுகோண அமைப்பை நோக்கித் திருப்புகிறது. ஆகவே 1, 2, 5 சதவீதம் எனத் தனித்தனிக் குப்பிகள் தயாரித்து ஒவ்வொன்றையும் பார்த்துவிடுவது நல்லது. சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறல் (எக்ஸ் கதிர்கள் சிதறும் விதத்தைக் கொண்டு உள்ளமைப்பை அறியும் முறை) வசதி கிடைத்தால் அமைப்பை ஐயமற உறுதிசெய்யலாம்.

ஊடுருவலை அளக்க, பன்றிக் காதுத் தோலை ஃபிரான்ஸ் கலத்தில் (தோலின் மேல் மருந்தும் கீழே அதை ஏற்கும் திரவமும் இருக்கும் கருவி) பொருத்தி, தோற்பரப்பு 32 டிகிரியில் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். கூழைத் திறந்து வைத்தால் நீர் ஆவியாகி, நாம் உறுதிசெய்த கனசதுர அமைப்பே அடுக்கு அமைப்பாக மாறிவிடக்கூடும். எனவே மூடிய நிலை, திறந்த நிலை இரண்டிலும் அளந்து, சோதனை முடிந்ததும் தோலின் மேல் எஞ்சிய கூழை வழித்தெடுத்து மீண்டும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும்.