லேத்தில் விடாமல் வந்த 0.12 மி.மீ. டேப்பர்

சேலத்தில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கேம்பஸ் நேர்காணலில் பட்டறை வேலை பற்றிக் கேட்பார்கள் என்று, 25 மி.மீ. மைல்ட் ஸ்டீல் கம்பியை லேத்தில் (கம்பியைச் சுழற்றிச் சீவும் கடைசல் இயந்திரம்) இரண்டு சென்டர்களுக்கு, அதாவது இரு முனையையும் தாங்கும் கூர்முனைகளுக்கு, நடுவே பிடித்துக் கடைந்து பழகினேன். 200 மி.மீ. நீளத்தில் டெயில்ஸ்டாக் (கம்பியின் வலது முனையைத் தாங்கும், நகர்த்தக்கூடிய பகுதி) பக்கம் விட்டம் 0.12 மி.மீ. கூடியே வந்தது. இப்படி ஒரு முனை பருத்துப் போவதுதான் டேப்பர். நான்கு நாள் இதிலேயே போயிற்று.

டூலை, அதாவது சீவும் உளியை, தீட்டினேன், வேகத்தைக் குறைத்தேன், மைக்ரோமீட்டரை மாற்றினேன். டெயில்ஸ்டாக் அடியில் நடுநிலையைக் காட்டும் பூஜ்யக் கோடுகள் ஒன்றுக்கொன்று நேராக இருந்ததால் அதன்மேல் சந்தேகமே வரவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் கேட்டேன். "அந்தக் கோடே எவ்வளவு தடிமன்னு பாத்தியா தம்பி?" என்றார். விஷயம் அதுதான். விட்டம் 0.12 மி.மீ. கூடுவதற்கு, டெயில்ஸ்டாக் பக்கவாட்டில் 0.06 மி.மீ. விலகினாலே போதும்; கோட்டின் தடிமனுக்குள் அது மறைந்துவிடும். அந்த முனை பருத்தால் டூலை விட்டு விலகியிருக்கிறது. மெலிந்தால் டூல் பக்கம் வந்திருக்கிறது.

டெஸ்ட் பாரை (துல்லியமான நேர் உருளை) சென்டர்களுக்கு நடுவே மாட்டி, டயல் கேஜை (சிறு விலகலையும் முள்ளால் காட்டும் அளவி) டூலைத் தாங்கி நகரும் கேரேஜில் பொருத்தி, அதன் முனை பாரைப் பக்கவாட்டில் தொடும்படி ஓட்டினேன். டெயில்ஸ்டாக்கைப் பக்கத் திருகுகளால் நகர்த்தி, முள் அசையாத நிலைக்குக் கொண்டுவந்தேன். டெயில்ஸ்டாக்கை இறுக்கியதும் மறுபடி 0.02 மி.மீ. நகர்ந்தது! இறுக்கிய பிறகு பார்க்கும் அளவுதான் கணக்கு. இன்னொரு முறை சரிசெய்து, டூல் நிலையை மாற்றாமல் கம்பியின் இரு முனையையும் ஒரே செட்டிங்கில் கடைந்தேன். விட்டத்தில் வித்தியாசம் 0.01 மி.மீ. அன்றிரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.